பிடியும் பந்தயமும்

திருப்பதிக்குப் பக்கத்தில் சந்திரகிரி மண்டலத்தில் இருக்கிறது ரங்கம்பேட்டை. தமிழ்நாட்டின் மாட்டுப் பொங்கல் அங்கே கனுமா. அன்று மாடுகளின் கொம்புகளில் மரப் பலகைகளைக் கட்டித் தெருவில் விரட்டுவார்கள். பலகையில் சாமி படம் இருக்கும், நடிகர் படம் இருக்கும், அரசியல்வாதி படமும் இருக்கும். மாட்டை மடக்கிப் பலகையைப் பறிப்பவனுக்கே அது சொந்தம். எங்கே பிடித்தால் மாடு நிற்கும் என்பது பற்றிக் கூரை மேல் நின்று பார்ப்பவர்களுக்கு ஆளுக்கொரு கருத்து உண்டு. கருத்தைச் சோதிக்க ஒரே வழி, இறங்கிப் பிடிப்பதுதான். கணக்குத் தப்பினால் தோல் உரியும், எலும்பு முறியும். தப்பியவனின் தோல், தப்பியவனின் எலும்பு.

இறங்காமலே கருத்தைச் சோதிக்க இப்போது வேறு வழி வந்துவிட்டது. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் கலப்புச் சண்டைப் போட்டி இந்தியாவில் ஞாயிறு காலை தெரிகிறது. குத்து, உதை, மல்யுத்தம், பூட்டு எல்லாவற்றுக்கும் அனுமதியுள்ள இந்த எம்.எம்.ஏ. களத்தில் இரண்டு பெண்கள் மோதுகிறார்கள். திருப்பதியிலோ சித்தூரிலோ அறையில் உட்கார்ந்து செல்போனில் பார்க்கும் இளைஞனுக்குப் பிடிகள் அத்துப்படி. "இவள் மல்யுத்தம், அவள் வெறும் குத்துச்சண்டை. கீழே தள்ளிவிட்டால் கதை முடிந்தது" என்கிறான். சொல்வதோடு நின்றால் பிரச்சினை இல்லை. அதே செல்போனில் பணமும் கட்ட முடிகிறது என்பதுதான் பிரச்சினை.

அவனுடைய அறிவை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. பிடிகளுக்குள் உண்மையிலேயே பெரிய வித்தியாசங்கள் இருக்கின்றன. மல்யுத்தத்தில் எதிராளியின் இரு தோள்களும் விரிப்பில் பட்டால் வெற்றி. அதனால் மல்லாக்க விழக் கூடாது, ஆபத்தென்றால் குப்புறப் படுத்துக்கொள் என்று சிறு வயதிலிருந்தே உடம்புக்குச் சொல்லித் தருகிறார்கள். ஜூடோவில் எதிராளியின் சட்டையைப் பற்றித் தூக்கி எறிவது பிரதானம். பிரேசிலில் வளர்ந்த ஜியு ஜிட்சு இரண்டையும் தலைகீழாக்கியது. அதில் மல்லாக்கப் படுத்திருப்பவள் தோற்றவள் அல்ல. இரு கால்களாலும் மேலே இருப்பவளின் இடுப்பைக் கவ்விக்கொண்டு, அவள் கையை நீட்டும் கணத்துக்காகக் காத்திருப்பாள். நீட்டிய கையைத் தொடைகளுக்கு நடுவே இழுத்து, இடுப்பை உயர்த்தினால் முழங்கை பூட்டிக்கொள்ளும். விரிப்பைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளாவிட்டால் மூட்டு போய்விடும். மல்யுத்த வீராங்கனை பாதுகாப்புக்காகக் குப்புறப் படுத்தாலோ, முதுகில் ஏறிக் கழுத்தை நெரிக்க வாய்ப்புக் கொடுத்தவளாகிறாள். ஒரு களத்தின் கவசம் இன்னொரு களத்தில் பொறி.

இவ்வளவு தெரிந்தவன் முடிவையும் சொல்லிவிடலாமே? அங்கேதான் கணக்கு இடறுகிறது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் வென்றவர் அமெரிக்காவின் ரோண்டா ரூஸி. யு.எப்.சி. அமைப்பு 2013 பிப்ரவரியில் முதன்முதலாகப் பெண்களைக் களத்தில் இறக்கியபோது ஜெயித்தவர் அவர்தான், முழங்கைப் பூட்டினால். மல்யுத்தப் பின்னணியுள்ள மீஷா டேட்டை 2012லும் 2013லும் அதே பூட்டில் சிக்கவைத்தார். ஜூடோவே உயர்ந்தது என்று பந்தய உலகம் தீர்ப்பெழுதியது. 2015 நவம்பரில் மெல்போர்ன் அரங்கில் 56,000க்கும் மேற்பட்டவர்கள் பார்க்க, ஹாலி ஹோம் என்ற குத்துச்சண்டைக்காரர் தலையில் விட்ட ஒரே உதையில் ரூஸி சாய்ந்தார். அப்படியானால் குத்துச்சண்டைதான் உயர்ந்ததா? நான்கே மாதங்களில், 2016 மார்ச்சில், ஹோமின் கழுத்தை நெரித்துப் பட்டத்தைப் பறித்தார், ரூஸியிடம் இரண்டு முறை தோற்ற மீஷா டேட். அந்த ஜூலையில் டேட்டின் கழுத்தை நெரித்தார் பிரேசிலின் அமண்டா நூனெஸ். யாராலும் அசைக்க முடியாதவர் என்று பெயரெடுத்த நூனெஸை 2021 டிசம்பரில் அதே கழுத்துப் பிடியில் பணிய வைத்தார், பந்தயக்காரர்கள் பொருட்படுத்தாத ஜூலியானா பேன்யா. அ, ஆவை வென்றாள். இ, அவை வென்றாள். ஆ, இயை வென்றாள். இதில் உயர்ந்த பாணி எது?

இந்திய உதாரணங்களும் இருக்கின்றன. ஹரியானாவின் பலாலி கிராமத்து போகாட் சகோதரிகளில் ஒருவரான ரித்து போகாட் 2019ல் மல்யுத்தத்தை விட்டு எம்.எம்.ஏ.வுக்கு மாறினார். 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் போட்டித் தொடரின் இறுதிக்கு வந்தார். எதிரே தாய்லாந்தின் ஸ்டாம்ப் பேர்டெக்ஸ், உதைச்சண்டையில் பேர் பெற்றவர். நின்றால் ஸ்டாம்ப், விழுந்தால் ரித்து என்பதுதான் பாணிக் கணக்கு. சண்டை தரைக்குப் போனது. கணக்குப்படி ரித்து ஜெயித்திருக்க வேண்டும். இரண்டாவது சுற்றில், கீழே கிடந்த உதைச்சண்டைக்காரர் மல்யுத்தக்காரரின் கையைப் பூட்டினார். அவர் பல மாதங்களாகத் தரைப் பிடிகளைப் பழகியிருந்தது பந்தயக் கணக்கில் சேரவில்லை.

உத்தரப் பிரதேசத்தின் பூஜா தோமர் யு.எப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியர். அந்த 2024 ஜூன் வெற்றியில் ஒரு நடுவர் மூன்று சுற்றுகளையும் அவருக்கே கொடுத்தார். இன்னொருவர் மூன்றையும் எதிராளிக்குக் கொடுத்தார். மூன்றாமவர் 29-28 என்று பூஜா பக்கம் சாய்ந்தார். களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, அதையே தொழிலாகக் கொண்டவர்கள் பார்த்த ஒரே சண்டை இது! 2025 மார்ச்சில் லண்டனில் பூஜா தோற்றார். அதுவும் முழங்கைப் பூட்டில்.

பந்தயம் நடத்துபவருக்கு இந்தக் குழப்பங்கள் எதுவும் தொல்லை அல்ல. அவர் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதே இல்லை. இரண்டு பெண்களும் சமபலம் என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய் கட்டினால் திரும்பக் கிடைப்பது நேர்மையான கணக்கில் 200 ரூபாய். ஆனால் அவர் தருவது சுமார் 190தான். ஒருவன் இவள் மேல் நூறு, இன்னொருவன் அவள் மேல் நூறு கட்டுகிறார்கள். வசூல் 200, பட்டுவாடா 190, யார் ஜெயித்தாலும் மீதி பத்து. கட்டுகிறவன் கையைக் கடிக்காமல் இருக்கவே நூறு முறையில் ஏறக்குறைய 53 முறை சரியாகச் சொல்ல வேண்டும். பிடிகளைப் பற்றிய அவனுடைய ஞானம் முதலில் இந்தக் கப்பத்தைக் கட்டியாக வேண்டும். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பந்தய விகிதத்தை நிர்ணயிப்பவருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

அவனுக்குத் தெரியாதது வேறு யாருக்காவது தெரிந்திருக்கலாம். 2022 நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த ஓர் ஆண்கள் சண்டைக்குச் சில மணி நேரம் முன்பு பந்தய விகிதம் திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சண்டை தொடங்கியதும் ஒருவருடைய கால் முடங்கியது, முதல் சுற்றிலேயே தோற்றார். விசாரணைகள் தொடங்கின. கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் யு.எப்.சி. பந்தயங்களையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. ஆயிரம் வீடியோ பார்த்தாலும் உடை மாற்றும் அறைக்குள் ஒரு முழங்கால் எப்படி இருக்கிறது என்று தெரியாது.

"இது அதிர்ஷ்டமல்ல, திறமை" என்ற வாதத்துக்கு ஆந்திரத்திலேயே பழைய வேர் உண்டு. செகந்திராபாத் கிளப் ஒன்றின் சீட்டாட்ட வழக்கில் 1967ல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்றது. விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டும் என்பது காரணம். 1996ல் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கிலும் திறமை என்ற வாதமே ஜெயித்தது. பணம் வாங்கி ஆட விட்ட ஆன்லைன் நிறுவனங்கள் இந்த வார்த்தையைத்தான் கவசமாகப் பிடித்துக்கொண்டன. ஆந்திர அரசு 2020ல் தன் 1974ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி ஆன்லைன் ரம்மியையும் பந்தயத்தையும் தடுத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடுவதில் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதத்தையே பார்க்கவில்லை. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை. ஆடுபவனுக்குத் தண்டனை இல்லை.

தண்டனை இல்லை என்பதால் நஷ்டமில்லை என்று அர்த்தமல்ல. வெளிநாட்டுத் தளங்கள் பெயர் மாற்றிப் பெயர் மாற்றி வந்துகொண்டிருக்கின்றன. சரியாகக் கணித்து ஜெயித்தவனுக்கே தளம் பணம் தராவிட்டால் என்ன செய்வான்? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணம் கேட்டு எந்த நீதிமன்றத்தின் படியும் ஏற முடியாது. தோற்ற பணம் மட்டும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். அது பெரும்பாலும் அவன் சம்பாதித்ததாகக்கூட இருக்காது. கல்லூரிக் கட்டணமாக இருக்கலாம், அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடனாக இருக்கலாம்.

களத்தில் திறமை இருக்கிறது, சந்தேகமில்லை. அது ரித்துவின் திறமை, ஸ்டாம்பின் திறமை. கூரை மேல் நின்று பார்ப்பவன் அதை ரசிக்கலாம், விவாதிக்கலாம். கை அரித்தால் விரிப்பில் இறங்கிப் பழகலாம். அவன் தங்கையும் பழகலாம். முழங்கைப் பூட்டு எந்தக் கோணத்தில் விழுகிறது என்று அவன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தால், இத்தனை நாள் சேர்த்த அறிவுக்கு முதன்முறையாக ஒரு பயன் கிடைக்கும். அதற்குக் கப்பம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.