படகேறும் உரிமை

அருவி, அணை, குளம், காடு ஆகிய நான்கும் ஒருசேர வாய்த்த மாவட்டம் தென்காசி. இந்த நீர்நிலைகளின் நடுவே சென்று மலையையும் பறவைகளையும் காணும் இன்பம் சக்கர நாற்காலியில் இயங்குவோருக்கும் உரியது என்ற எண்ணம், நம் சுற்றுலாத் திட்டங்களில் இன்னும் வேரூன்றவில்லை. குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் உள்ள வெண்ணமடைக்குளத்தில், சாரல் பருவத்தில் நீர் நிறைந்ததும் படகு சவாரி தொடங்குகிறது. அந்தப் படகுத்துறையை, மாற்றுத்திறனாளிகள் எவருடைய தோளிலும் தூக்கிச் செல்லப்படாமல் ஏறி இறங்கக்கூடிய மாதிரித் துறையாக அடுத்த சாரலுக்குள் அமைக்க வேண்டும். அங்கே கிடைக்கும் அனுபவத்தைக் கொண்டு, புளியறை வழியாகக் கேரளத்தின் தென்மலை நீர்த்தேக்கம் வரை அதே வசதியை நீட்டிக்கத் தமிழகமும் கேரளமும் முன்வர வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை அன்று. ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் உள்ள ஒக்கவாங்கோ, கடலைச் சேராமல் பாலைநிலத்திலேயே பரந்து அடங்கிவிடும் ஓர் ஆற்றின் கழிமுகச் சதுப்புநிலம். 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுள் ஆயிரமாவதாகச் சேர்க்கப்பட்டது. யானையும் நீர்யானையும் வாழும் அந்தச் சதுப்பின் ஓடைகளில், ‘மொகோரோ’ எனப்படும் ஒடுக்கமான ஓடத்தை ஓடக்காரர் பின்னால் நின்று நீண்ட கழியால் ஊன்றிச் செலுத்துகிறார். இயந்திர ஒலி இல்லாததாலும், அமர்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே இருப்பதாலும் காட்டின் இயல்பு கலையாமல் விலங்குகளைக் காண முடிகிறது. சக்கர நாற்காலிப் பயணிகளுக்கென்றே அங்கே கானுலா நடத்தும் நிறுவனங்கள், ஏற்றுபொறி பொருத்திய வண்டி, அகன்ற வாயிலுடைய கூடாரம், முதுகுச் சாய்வு வைத்த ஓட இருக்கை என ஒவ்வொரு கட்டத்தையும் முன்கூட்டியே திட்டமிட்டு அவர்களை நீருக்கு அழைத்துச் செல்கின்றன. நிலத்தில் கல்லும் மணலும் சக்கரத்தை மறிக்கும். நீரிலோ, ஒருமுறை ஏறி அமர்ந்துவிட்டால், நடக்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிடுகிறது.

இந்திய நீர்நிலையிலும் இதற்குச் சான்று உண்டு. இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்த பிராச்சி யாதவ் போபால் நகரின் ஏரியில் துடுப்புப் பயிற்சி பெற்றவர். மாற்றுத்திறனாளிகளுக்கான துடுப்புப் படகுப் பிரிவு பாராலிம்பிக்கில் 2016-இல் முதன்முறையாக இடம்பெற்றது. அடுத்த பாராலிம்பிக்கான டோக்கியோவில் அவர் இறுதிச் சுற்றை எட்டினார். 2023-இல் ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். இயக்கமற்ற கால்களோடு ஒருவர் தனியே படகைச் செலுத்திப் பதக்கம் பெற முடிகிறபோது, ஒரு குளத்தில் பயணியாக அமர்ந்து வருவதற்கு மட்டும் உடற்குறையைத் தடையாகக் காட்டுவது பொருந்தாது.

உண்மையான தடை கரைக்கும் படகுக்கும் இடைப்பட்ட சில அடிகளில் இருக்கிறது. குளத்தின் நீர்மட்டம் பருவத்துக்கேற்ப ஏறி இறங்குவதால், நிலையான கற்படிகளைக் கொண்ட துறையில் படகு ஒரு நாள் படிக்குச் சமமாகவும் மறுவாரம் வெகுவாகத் தாழ்ந்தும் நிற்கும். மிதவைத் துறை, அதாவது காற்றடைத்த மிதவைகளின் மேல் தளம் அமைத்து நீரோடு சேர்ந்தே உயரவும் தாழவும் விடப்படும் துறை, இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. கரையிலிருந்து அதற்கு இறங்கும் சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவில் இருந்தால், சக்கர நாற்காலியில் வருபவர் தாமே கட்டுப்பாட்டுடன் இறங்கலாம். துறையின் விளிம்பில் நாற்காலியின் சக்கரத் தடுப்பைப் பூட்டி, இருக்கைக்கும் படகுக்கும் இடையே வழவழப்பான இடமாற்றுப் பலகையைப் பாலமாக வைத்து, கைகளை ஊன்றி அவர் படகுக்கு நகரும்போது, படகு இம்மியும் அசையாதபடி இரு முனையிலும் இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். கைகளிலும் வலு இல்லாதவர்களுக்குக் கையால் இயக்கும் சிறிய தூக்கி உதவும்.

தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு உடலை நிமிர்த்தி வைக்கும் தசைகளும், தோலின் உணர்வும் குன்றியிருக்கலாம். மரப்பலகையில் நெடுநேரம் அமர்ந்தால், வலியே தெரியாமல் தோல் நைந்து அழுத்தப் புண் உண்டாகும்; ஆகவே நாற்காலியின் மெத்தையையே படகுக்கும் எடுத்துச் செல்ல வேண்டும், பக்கவாட்டில் அணைப்பும் வேண்டும். கவிழ்ந்தால் விடுபட முடியாதபடி எவரையும் படகோடு சேர்த்துக் கட்டிவிடக் கூடாது. முகத்தை நீருக்கு மேல் நிறுத்தும் உயிர்காப்பு அங்கி கட்டாயம். நான்கு பேர் சேர்ந்து தூக்கிவிடுவதே எளிது என்பவர்கள், அவ்வாறு தூக்கும்போது தோள்மூட்டு விலகவும் தண்டுவடத்துக்கு மீண்டும் ஊறு நேரவும் கூடும் என்பதையும், பலர் பார்க்கப் பொதியைப் போலக் கையாளப்படுவதை எவரும் விரும்பமாட்டார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த அறிவைத் தேடித் தென்காசி தொலைதூரம் போக வேண்டியதில்லை. கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975-இல் தவறி விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவரோடு இணைந்து அந்த அமைப்பை வளர்த்த எஸ். சங்கரராமனும் சக்கர நாற்காலியில் இயங்குபவரே. மறுவாழ்வுப் பயிற்சியில் நாற்பதாண்டுக்கும் மேலான பட்டறிவு திரண்டுள்ள ஆய்க்குடிக்கு அண்மையிலேயே குற்றாலம் இருக்கிறது. துறையை வடிவமைக்கும் முதல் கூட்டத்திலிருந்தே சக்கர நாற்காலியில் இயங்குவோரை அரசு அழைக்க வேண்டும். கட்டி முடித்தபின் கருத்துக் கேட்பது பயன் தராது.

சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்தியா 2007-இல் ஏற்புறுதி அளித்த ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, பொழுதுபோக்கு மற்றும் சுற்றுலா இடங்களை அணுகுவதை அவர்களின் உரிமையாக ஏற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் அரசு, தனியார் சேவைகள் அனைத்தும் அணுகத்தக்கவையாக வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வெளிவந்தன, கெடு 2019-லேயே முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் நெறிகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைப்பது சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயமான குறைந்தபட்ச நெறிகளை வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பவர்கள் கேரளத்தின் தேக்கடியை நினைவுகூர வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். பயணிகள் விலங்குகளைக் காண ஒரு பக்கமாகத் திரண்டதும், உயிர்காப்பு அங்கி அணியாததும் அந்தத் துயரத்தில் பேசப்பட்டவை. நிலையான இருக்கை, எண்ணிக்கைக் கட்டுப்பாடு, பயிற்சி பெற்ற படகோட்டி என மாற்றுத்திறனாளிகளுக்காகக் கேட்கப்படும் ஒவ்வொன்றும் எல்லாப் பயணிகளின் உயிரையும் காப்பதே. செலவைச் சொல்பவர்களுக்குச் சென்னை மெரினா விடை தருகிறது: 2022 நவம்பரில் அங்கே மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்ல மரப்பாதை திறக்கப்பட்டது, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்தபோது, அரசு கைவிடாமல் சீரமைத்தது. வருபவர் குறைவு என்ற வாதமும் நிற்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். முழங்கால் வலியோடு படியிறங்கத் தயங்கும் முதியோரையும் சேர்த்தால், இந்த வசதி தேவைப்படாத குடும்பம் அரிது.

புளியறைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. கொல்லம் நெடுஞ்சாலையில் தமிழக எல்லையில் அமைந்த இந்த ஊரைக் கடந்து ஆரியங்காவு கணவாய் வழியே சென்றால் தென்மலை வந்துவிடும். அங்கே 1984-இல் அறிவிக்கப்பட்ட செந்துருணி வன உயிரினச் சரணாலயத்தின் நடுவே உள்ள நீர்த்தேக்கத்தில் படகு ஓடுகிறது. யானையும் காட்டெருமையும் மிளாவும் கரைக்கு வருவதுண்டு. குற்றாலத்தில் நீர்ப்பறவைகளையும் தென்மலையில் காட்டுயிர்களையும் ஒரே பயணத்தில் காண இதைவிட ஏற்ற வழித்தடம் அமையாது. சக்கர நாற்காலி நுழைந்து திரும்பும் அளவுள்ள கழிப்பறையும், இரு மாநிலங்களிலும் உள்ள வசதிகளைத் தெரிவிக்கும் உதவி மையமும் புளியறையில் அமைந்தால் அந்த வழித்தடம் முழுமை பெறும்; வழியில் கழிப்பறை இல்லை என்பதாலேயே பயணத்தைக் கைவிடுவோர் பலர்.

சுற்றுலா வளர்ச்சிக் கழகம் வெண்ணமடைக்குளத்துக்கு மிதவைத் துறையும், முதுகுச் சாய்வுள்ள இரண்டு படகுகளும், படகோட்டிகளுக்கு ஆய்க்குடியில் பயிற்சியும் உடனே வழங்க வேண்டும்; மாவட்ட நிர்வாகம் பணி முடியும் நாளை வெளிப்படையாக அறிவித்து, சக்கர நாற்காலியில் இயங்குவோர் ஏறி இறங்கிச் சோதித்து ஒப்புதல் தந்த பின்னரே துறையைத் திறக்க வேண்டும். மருத்துவமும் உதவித்தொகையும் தருவதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. மகிழ்ச்சியிலும் சம பங்கு அளிக்கும்போதுதான் குடியுரிமை நிறைவடைகிறது.