ஓவன் சூடாகவில்லையா? வாங்குவதற்கு முன் பாருங்கள், கேளுங்கள்

எங்கள் வீடுகளில் ஓவன் என்றால் பல நேரம் தாச்சியும் பெரிய சட்டியும் அடுக்கி வைக்கிற அலுமாரிதான். அது சூடாகாவிட்டால் இரண்டு பதில்கள் வரும்: "புதுசு வாங்கு" அல்லது "அது இல்லாமல் சமாளி." இரண்டுமே அவசரப் பதில்கள் என்று நினைக்கிறேன்.

கனடாவில் மின்சார ஓவனுக்கு 240 வோல்ட் வேண்டும். அது இரண்டு 120 வோல்ட் லைன்களாக வருகிறது. ஒரு லைன் நின்றாலும் மணிக்கூடும் லைட்டும் வேலை செய்யலாம், சூடு வராது. எனவே முதலில் ஓவனுக்குரிய இரட்டை பிரேக்கரை முழுதாக அணைத்து மீண்டும் போடுங்கள். திரும்பவும் விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்குமேல் எலக்ட்ரீஷியனின் வேலை.

பிரேக்கர் சரி என்றால், 'பேக்' போட்டுவிட்டுக் கதவுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். அடியில் கம்பி தெரிகிற மொடல்களில் அந்த எலிமென்ட் சிவக்க வேண்டும். சிவக்காமல், அதில் வெடிப்பும் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். அந்த ஒரு பாகத்தை மாற்றலாம். முழு ஓவனையும் எறியத் தேவையில்லை.

சூடு வருகிறது, ஆனால் போதவில்லையா? ஓவன் தெர்மோமீட்டர் ஒன்றை நடுத்தட்டில் வைத்து, 350 டிகிரியில் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். எப்போதும் 15, 20 டிகிரி குறைவாகவே காட்டினால், பல மொடல்களில் கையேட்டைப் பார்த்து பட்டனிலேயே திருத்தலாம். வித்தியாசம் பெரிது என்றால் சென்சரையோ கதவு ரப்பரையோ சந்தேகிக்கலாம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எங்களில் பலர் பேஸ்மென்ட் வாடகையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் அப்பாவுக்குத் தெரிந்த அங்கிளாக இருந்தால் வாய் திறக்கவே கூச்சம். "குறைஞ்ச வாடகைக்குத் தந்தவர், கரைச்சல் குடுக்காதை" என்று அம்மாவும் சொல்லுவா. ஆனால் ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வீட்டோடு தந்த ஓவனைத் திருத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு. குடிவரும்போதே பழுது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் அப்படித்தான்.

"ஓவன் வேலை செய்யேல்லை அங்கிள்" என்றால் "பாப்பம்" என்றுதான் பதில் வரும். "பிரேக்கர் பாத்தனான், சரி. அடி எலிமென்ட் சிவக்கேல்லை. படம் அனுப்பியிருக்கிறன். திருத்திற ஆள் எப்ப வருவார் அங்கிள்?" என்று மெசேஜில் எழுதுங்கள். திகதியோடு பதிவும் இருக்கும். மரியாதையும் குறையாது.