சால்வைக்குப் பதில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்

பணி நிறைவுப் பாராட்டு விழா என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. ஓய்வு பெறுகிறவர் வாயைத் திறப்பதற்குள் எட்டுப் பேர் அவரைப் பற்றிப் பேசி முடித்திருப்பார்கள். சால்வை மேல் சால்வை விழும். கடைசியில் அவருக்கு ஐந்து நிமிடம், அதற்குள் கேட்டரிங்காரர் இலை போட ஆரம்பித்துவிடுவார்.

மும்பையில் தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை 58 வயதில் விடைபெற்ற விழாவும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. (இந்த மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று என்பது ஊரிலிருக்கும் பலருக்குத் தெரியாது.) ஆனால் டீச்சர் மைக்கைப் பிடித்ததும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முழுக்க முழுக்கப் பிள்ளைகள்தான்.

நம் பிள்ளைகள் மே மாதம் திருநெல்வேலிப் பக்கம் கொடைக்குப் போவார்கள். இங்கே பள்ளி ஜூன் நடுவில் திறந்துவிடும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்காமல் ஜூலை வரை பாதி வகுப்பு காலியாக இருக்கும். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை அடித்துவிட வேண்டியதுதானே என்பார்களாம் மேலிருந்து. டீச்சர் ஒவ்வொரு வருடமும் தன் போனிலிருந்து ஊருக்கெல்லாம் பேசி, "எப்பம்மா வாரீங்க, தேதியச் சொல்லுங்க" என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்வார். அப்படிப் பேசிப் பேசியே எந்த வீட்டுக் கொடை எந்த வாரம் என்பது வரை அத்துப்படி. மழையில் நனைந்த புத்தகத்தை டீ பாய்லர் மேல் காயவைத்துக் கருக்கிக்கொண்டு வந்த பையனைப் பற்றிச் சொன்னபோது சபை சிரித்து ஓய்ந்தது. மராத்தி படித்துவிட்டு, சாலில் வருகிற எல்லா அரசாங்கக் கடிதத்தையும் வாசித்துச் சொல்லும் ஆறாம் வகுப்புப் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது டீச்சரின் குரல் கொஞ்சம் மாறியது.

சிறப்பு விருந்தினர் வழக்கம் போல, தமிழ்வழியில் சேர்க்காத பெற்றோரை ஒரு பிடி பிடித்திருந்தார். டீச்சர் அதை ஏற்கவில்லை. இங்கே பல தமிழ்வழிப் பள்ளிகள் ஏழாவது, எட்டாவதோடு நின்றுவிடும். அப்புறம் பிள்ளை எங்கே போகும்? பத்தாவது வரை தாக்குப்பிடித்தாலும் ஜூனியர் காலேஜ் ஆங்கிலத்தில்தான். "பெத்தவங்களைத் திட்டாதீங்க சார், பாதி வழியில பாலத்தைக் கட்டிட்டு நடக்கலையேன்னு கேட்டா எப்படி" என்றார். கைதட்டல் அவ்வளவாக இல்லை. எனக்கென்னவோ அன்றைக்குப் பேசப்பட்டதிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான் என்று தோன்றியது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பள்ளியில் ஜெனரல் ரெஜிஸ்டர் என்று ஒரு தடி நோட்டு உண்டல்லவா, சேர்ந்த பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, சாதி, பிறந்த ஊர் எல்லாம் அதில்தான். மகாராஷ்டிராவில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். அதற்குப் பிறகு வந்த குடும்பம் என்றால், தமிழ்நாட்டில் அதே சாதி பட்டியலில் இருந்தாலும், இந்த மாநிலத்தின் இடஒதுக்கீடு கிடையாது. தோல் பதனிடும் வேலைக்கு வந்த தாத்தாவின் குடும்பத்துக்கு ரயில் டிக்கெட்டா பத்திரமாக இருக்கும்? வீட்டில் யாராவது பள்ளிக்குப் போயிருந்தால் அந்த ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அந்த வரியும் சும்மா கிடைக்காது. பிள்ளையை ஒரு பெயரில் சேர்த்திருப்பார்கள், வீட்டில் வேறு பெயர், அப்பா பெயரை மராத்தி எழுத்தர் வேறு மாதிரி எழுதியிருப்பார். "அந்த முருகன் இந்த முருகையாதான்" என்று தேடியெடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். இந்தப் பள்ளியில் அந்த ஆள் டீச்சர்தான். எல்.சி. கேட்டு வருகிற நாற்பது வயதுக்காரரிடம், அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைக்கூடச் சொல்லக் கூடியவர்.

அவர் வீட்டுக்குப் போனதும் இதெல்லாமும் கூடவே போய்விடும். புதிதாக வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ரெஜிஸ்டரைத்தான் பார்க்க முடியும், ஆளைப் பார்க்க முடியாது. பிள்ளைகள் குறைந்து ஒரு பள்ளியை இன்னொன்றோடு சேர்க்கும்போது அந்த நோட்டு எந்த அலமாரிக்குப் போகுமோ.

நம் சங்கங்கள் பொங்கலுக்குப் பட்டிமன்றம் நடத்துகின்றன, ஊரிலிருந்து பேச்சாளரை விமானத்தில் வரவழைக்கின்றன. நடத்தட்டும், நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து ரசிப்பவன்தான். அந்தச் செலவில் கால்வாசி போதும். இரண்டு கல்லூரிப் பிள்ளைகளை அனுப்பி, பள்ளியில் அனுமதி கேட்டு, டீச்சரையும் ரெஜிஸ்டரையும் ஒரு மாதம் எதிரெதிரே உட்கார வைத்து, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லலாம். டீச்சரிடம் கேட்டேன். காலையில் பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வாங்க என்கிறார், சாயங்காலம் பேத்தி ஸ்கூலிலிருந்து வந்துவிடுவாளாம்.