பொன்னாடை வேண்டாம், பழைய விண்ணப்பம் கொடுங்கள்

விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களுக்கு ஆய்வு நிதி கேட்டு எழுதத் தெரியவில்லை என்கிறார்கள். சரி, யார் சொல்லிக்கொடுத்தது?

2023 சட்டத்தின்படி வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் இளம் ஆய்வாளர் திட்டத்தில் மூன்றாண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். ஐஐடிக்காரருக்குப் பக்கத்து அறையிலேயே நிதி வாங்கிய சீனியர் இருப்பார். அவர் விண்ணப்பத்தை வாங்கிப் படித்துவிடலாம். திண்டிவனத்துக்காரருக்கு? குத்துவிளக்கு, பொன்னாடை, பிபிடி, மதியச் சாப்பாடு, சான்றிதழ். இதுக்குப் பேர் பயிலரங்கம்!

நான் மென்பொருள்காரன். நான் எழுதும் பத்து வரி கோடைக்கூட இன்னொருவர் படித்துத் திட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். 60 லட்சம் கேட்கும் விண்ணப்பத்தை மட்டும் ஒருத்தர் தனியாக எழுதி, தனியாகத் தோற்கணுமா?

லேப் இல்லை, நேரமில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் கழுவேலியும் மரக்காணம் உப்பளமும் அவருக்குப் பஸ் தூரம். அங்குள்ள தண்ணீரைப் பற்றிய கேள்வியை அவரைவிட யார் கேட்பது?

பல்கலைக்கழகங்களே, ஜெயித்த விண்ணப்பங்களையும் தோற்றவற்றையும், எழுதியவர் சம்மதத்தோடு, மதிப்பீட்டாளர் குறிப்புகளோடு கையில் கொடுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே வரைவைப் படித்துத் திருத்த, நிதி வாங்கிய ரெண்டு பேரை உட்கார வையுங்கள். பொன்னாடைச் செலவு மிச்சம்.