இருதயத்தில் ஒன்றுமில்லை என்ற பின்

குருநகர் ஐந்து மாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியை எட்டுவதற்குள் மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, சுவரைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும் நாற்பது வயதுப் பெண்ணொருத்தி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய், ஈசிஜி எடுத்து, இரத்தமும் பரிசோதிப்பித்து, “இருதயத்தில் ஒன்றுமில்லை, வீணாக யோசிக்க வேண்டாம்” என்ற வார்த்தையோடு வீடு திரும்புவாளாயின், அவளுடைய துன்பம் அன்றோடு தீர்ந்ததென்று வைத்தியர் எண்ணக்கூடும். என் அபிப்பிராயத்தில், அத்துன்பம் வேரூன்றத் தொடங்குவது அன்றைக்குத்தான்.

ஏனெனில், வைத்தியர் கைவிட்ட இடத்தில் வீட்டாரின் வாஞ்சை சிகிச்சையை ஏற்றுக்கொள்கிறது. “பிள்ளை, பாரம் தூக்காதை, மாடி ஏறி இறங்காதை, பேசாமல் படு” என்கிறாள் தாய். தண்ணீர் வாளியை மகன் தூக்குகிறான். சந்தைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் போய் வருகிறாள். புனித யாகப்பர் ஆலயத்துப் பூசையிலுங்கூட, மூச்சு முட்டினால் வெளியேற வசதியாயிருக்கட்டுமென்று வாசலண்டையில் அவளுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. போதாக்குறைக்கு, கனடாவிலுள்ள சகோதரன் இருதயத் துடிப்பை எண்ணிக் காட்டும் கைக்கடிகாரமொன்றை அன்போடு அனுப்பிவைக்கிறான். மணிக்கு நாலு தடவை அதைப் பார்த்து, பார்த்த பயத்தாலேயே துடிப்பு ஏறி, ஏறியதைக் கண்டு மேலும் பயப்படுகிறவர்கள் இப்போது நம்மிடையே பெருகிவருகிறார்கள்.

இத்தகையோரின் மூச்சிரைப்பைக் கற்பனையென்று தள்ளிவிடுவது நியாயமுமன்று, சாஸ்திரமுமன்று. ஓய்வாயிருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது வளர்ந்தவர்களின் இருதயத்துக்கு இயல்பு. பயமோ, ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ சரீரத்தை ஆயத்தப்படுத்தும் கட்டளையாதலால், அட்ரினலின் சுரந்து, இருதயத்தை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்து, முதற்படியில் கால் வைக்குமுன்பே துடிப்பு உயர்ந்துவிடுகிறது. கூடவே மூச்சு வேகமாகி, இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு குறைந்து, விரல்நுனி விறைத்து, தலை கிறுகிறுத்து, நெஞ்சு இறுகுகிறது. இந்த அடையாளங்களை மாரடைப்பின் அடையாளங்களென்று மனம் கிரகித்துக்கொள்வதால் பயம் இரட்டிக்கிறது. பின் அவள் படியேறுவதையே தவிர்க்கிறாள். கரையேற்றி நெடுங்காலம் வெயிலில் போட்டுவைத்த மரவள்ளத்தின் பலகை உலர்ந்து பிளப்பதுபோல, உழைப்பற்ற சரீரமும் தன் பிடிமானத்தை இழக்கிறது: ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம் குறைய, அக்குறையைத் துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டியே இருதயம் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. மனத்தில் மாத்திரம் இருந்த காரணம், சில மாதங்களில் தசையிலும் குடியேறிவிடுகிறது.

இவ்வியாதி புதியதுமன்று. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில், படுகாயமின்றியே அணிவகுப்பில் தளர்ந்து, நெஞ்சு படபடத்து விழுந்த முந்நூறுக்கும் அதிகமான போர்வீரர்களை ஆராய்ந்த பிலடெல்பியா வைத்தியர் டா கொஸ்டா, 1871இல் அதைப்பற்றி விரிவாக எழுதினார். முதலாம் உலக மகாயுத்தத்தின்போது அதே முறைப்பாட்டோடு பிரித்தானியச் சேனையிலிருந்து திருப்பியனுப்பப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களைப் பரிசோதித்த தோமஸ் லூயிஸ், இருதய நோயாளிகளென்று கட்டிலில் கிடத்தி வைப்பதால் அவர்கள் மேலும் நலிகிறார்களென்று கண்டு, படிப்படியாகக் கூட்டிச்செல்லும் தேகாப்பியாசத்தையே பரீட்சையாகவும் சிகிச்சையாகவும் கையாண்டு, 1918இல் தமது நூலை வெளியிட்டார். பின்னர், நீலகிரியின் குன்னூரில் பிறந்து இலண்டனில் பிரசித்திபெற்ற இருதய வைத்தியர் போல் வூட், இரண்டாம் மகாயுத்தத்தின் நடுவே, 1941இல், இது உழைப்பின் அடையாளங்களைக் காட்டிலும் பயத்தின் சரீர ரூபத்தையே ஒத்திருக்கிறதென்று நிரூபிக்க முற்பட்டார். வூட் பயத்தைக் கண்டார்; லூயிஸ் மருந்தைக் கண்டார். இருவரையும் சேர்த்து வாசிக்கவேண்டிய ஊர்களில் குருநகரும் ஒன்று.

1986 ஜூன் 10இல் மண்டைதீவுக் கடலில் இவ்வூரைச் சேர்ந்த முப்பதுக்கு மேற்பட்ட மீனவர்கள் கொல்லப்பட்டதையும், 1993இல் புனித யாகப்பர் ஆலயத்தின்மேல் குண்டு விழுந்ததையும் நினைவிலே சுமக்கிறவர்கள் இன்னும் இங்கே வாழ்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், யுத்தத்தின் துயரம் நம்மவரிடத்தில் மனநோய் முறைப்பாடாக வராமல், நெஞ்சிடியாகவும் பெருமூச்சாகவும் உடல் உளைவாகவுமே வைத்தியசாலையின் வாசலுக்கு வருவதைப் பல்லாண்டுகளாக எழுதிவந்திருக்கிறார். ஆயினும் எல்லாவற்றையும் யுத்தத்தின் கணக்கில் எழுதுவதும் ஒருவகைச் சோம்பலே. இந்திய இழுவைப்படகு வலையை அறுத்துப்போன இரவும், தவணை தப்பிய நுண்கடனும், போன இடத்திலிருந்து தொலைபேசி எடுக்காத மகனும், யுத்தத்தைக் காணாத தலைமுறையின் நெஞ்சையும் படபடக்கச் செய்யப் போதுமானவை.

பயம் எதனால் வந்ததாயினும், அதற்கு வீட்டார் கொடுக்கும் ஓய்வு எத்துணை கொடிய மருந்தென்பதற்கு 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் நடந்த ஆராய்ச்சி சான்று. ஆரோக்கியமான ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்தபோது, உழைக்கும் உச்சத்தில் அவர்களுடைய சரீரம் உபயோகிக்கக்கூடிய ஒட்சிசனின் அளவு காற்பங்குக்கும் மேலாகக் குறைந்தது. முப்பது வருஷங்களின் பின் அதே ஐவரையும் மீண்டும் பரீட்சித்தபோது, முதுமை பறித்ததைக் காட்டிலும் அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகப் பறித்திருந்ததென்று தெரியவந்தது. ஆறுதல் தரும் செய்தியும் இதிலேயே உண்டு: படுக்கையை விட்டெழுந்து பயிற்சி செய்தபோது, வாலிபத்தில் மட்டுமன்றி நடுவயதிலும் இழந்ததில் பெரும்பங்கு மீண்டது.

முதலில் பரிசோதனை வேண்டும் என்பதில் ஆட்சேபமில்லை. இரத்தச்சோகையும், தைரொயிட் மிகுதியும், வாதக்காய்ச்சலால் கெட்ட இருதய வால்வும் இதே வேஷத்தில் வரும். உழைக்கும்போது நெஞ்சை நெரித்து வலி பிடித்தாலும், மயங்கி விழுந்தாலும், பதற்றமாயிருக்குமென்று வீட்டிலிருந்தே தீர்மானியாமல் 1990 இலக்க அம்புலன்ஸை அழைப்பதே புத்தி. அவை இல்லையென்று நிச்சயமான பின், நடையைத் தவிர்ப்பதற்குக் காரணமில்லை. நடக்கும்போது துடிப்பு ஏறுவது இருதயம் தன் கடமையைச் செய்வதாகும், நின்றதும் அது தானாகவே இறங்கும் என்பதை, பக்கத்தில் ஒருவர் துணைநடக்க, அவள் தன் சரீரத்திலேயே கண்டறிய வேண்டும். பயம் மிஞ்சிநிற்குமாயின் உளவைத்தியரிடம் போவதில் வெட்கமென்ன? அவரிடம் போவோரைப் பைத்தியமென்று சுட்டும் நாவுகளுக்கு நாற்பது வருஷத்து அனுபவமும் ஒன்றும் கற்பிக்கவில்லை.

அவள் எங்கே நடப்பாள் என்ற கேள்வி எஞ்சுகிறது. மாலையில் பண்ணைப் பாலத்தருகே நடப்பவர்களைப் பார்த்தால், காற்சட்டையும் சப்பாத்தும் அணிந்த ஆண்களே அதிகம். குருநகர்க் கடற்கரை வீதியில் காரணமின்றி நடக்கும் குடும்பப் பெண்ணை நாலுபேர் காரணம் கேட்பார்கள். அப்படியானால் காரணத்தை வைத்தியரே எழுதிக் கொடுக்கட்டும். பிறசர்க் குளிசையின் பெயரும் அளவும் எழுதும் அதே கிளினிக் கொப்பியில், முதல் வாரம் தினம் பத்து நிமிஷம் நடை, அடுத்த வாரம் பதினைந்து, மூன்றாம் வாரம் ஒரு மாடிப்படி என்று எழுதிக் கையொப்பமிட்டு, மாதமொருமுறை அது நடந்ததா என்று விசாரிப்பதற்குத் தாதியொருவரை நியமிப்பதில் சுகாதாரத் திணைக்களத்துக்குப் பெருஞ்செலவு வரப்போவதில்லை.