பாட்டியைச் சந்தைக்கு அழைத்துப் போங்கள்: ஒரு வேண்டுகோள்



சிங்கப்பூரின் தேக்காவில், பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சாமான் கேட்டால், பழைய கடைக்காரர் உடனே தராசைத் தொடமாட்டார். “எத்தனையாவது நாள்? பால் சுரக்குதா? வயிறு சரியா இருக்கா?” என்று விசாரிப்பார். அப்புறம்தான் சுக்கும் திப்பிலியும் ஓமமும் காகிதத்தில் விழும். இப்போது நாம் ஆயத்தப் பொட்டலத்தை எடுத்துக் காசைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். விசாரிக்க ஆளில்லை.

கூப்பிடு தூரத்தில் கேகே மருத்துவமனை. 1966இல் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. அது அன்று உலக சாதனை. பிரசவம் பார்த்தது மருத்துவமனை. வீடு திரும்பியவளைத் தேற்றியவை ஈரச்சந்தையின் பால்சுறாவும் முருங்கைக்கீரையும் பூண்டுக் குழம்பும். கம்பத்துக் கிராமங்களில் இருந்தவர்களுக்கு மலாய்ப் பாட்டிமாரின் உருவிவிடும் கையும் வாய்த்தது.

இப்படிப்பட்ட அறிவு இடத்தோடு ஒட்டியது; இடம் போனால் அதுவும் போகும். இந்த மண்ணின் ஆதிக்குடிகளான ஓராங் லாவுட் மக்களுக்குக் கடலே வீடு. உணவும் மருந்தும் கரையிலேயே கிடைத்தன. அவர்கள் வழிவந்த பலர் தென்தீவுகளில் வாழ்ந்தார்கள். தீவு தீவாக வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். புலாவ் செக்கிங்கில் எஞ்சியவர்கள் 1990களில் வந்துசேர்ந்தார்கள். அந்தத் தீவு, 1999இல் செயல்படத் தொடங்கிய செமாக்காவ் குப்பை நிரப்புநிலத்துக்குள் போய்விட்டது. எந்த இலையை எந்தக் கரையில் பறிப்பது என்று அறிந்த பாட்டிக்குக் காட்டித்தரக் கரையே இல்லை. வீடு கிடைத்தது, தண்ணீர் மின்சாரம் கிடைத்தது, மறுக்கவில்லை. இழந்ததற்குத்தான் யாரும் கணக்கு வைக்கவில்லை.

நமக்கு இடம் மிச்சமிருக்கிறது. தேக்கா சந்தை 1982இல் சாலையைத் தாண்டி இடம் மாறியும் வாடிக்கை அறுந்துபோகவில்லை. ஆகவே கேட்கிறோம்: வரும் பள்ளி விடுமுறையில் வீட்டுப் பாட்டியைச் சந்தைக்கு அழைத்துப் போங்கள். சோபாவில் உட்காரவைத்துக் கேட்டால் “எல்லாம் மறந்துபோச்சு” என்பார். கீரைக்கட்டைக் கையில் கொடுத்தால் பேச்சு தானாக வரும். கைப்பேசியில் பதியுங்கள். அளவையும், யாருக்கு ஆகாது என்பதையும் கேளுங்கள். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியிடமும் கேளுங்கள். அவருடைய ஜாமு எனும் மூலிகை மருந்துக்கும் நம் லேகியத்துக்கும் உறவு உண்டு. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. என்ன சாப்பிடுகிறோம் என்பதை அவரிடம் மறைக்கவும் வேண்டாம்.

உங்கள் புளோக்கில் சமூகத் தோட்டம் இருந்தால் ஓமவல்லிக்கும் தூதுவளைக்கும் ஒரு மூலை கேளுங்கள். பதிவு செய்வதை, எண்பதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளிலிருந்து முதலில் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தேக்கா வட்டாரக் குடும்பத்தினரும் கடைக்காரர்களும்