‘கம்பெனி பார்ட்ஸ்’ என்னும் மூடநம்பிக்கை

“லோக்கல் பார்ட்ஸ் போட்டா சைக்கிளே போயிருமுங்க.” ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி என எந்த ஊர் சைக்கிள் கடையில் அரைமணி நேரம் நின்றாலும் இந்தச் சொல் காதில் விழும். பெரும்பாலும் இதைச் சொல்கிறவர் சைக்கிளைக் கொண்டுவந்தவர்தான். கம்பெனி பெயர் பொறித்த சாமான்தான் உழைக்கும், மற்றதெல்லாம் டூப்ளிகேட், அதற்குச் செலவழிப்பதைவிட வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்ற எண்ணம் ஊரெங்கும் வேரூன்றிவிட்டது. இந்த எண்ணம் தவறு. இல்லாதவர் வீட்டுக் காசைத் தின்கிற தவறு.

இந்த மண்ணில் இப்படி ஒரு நம்பிக்கை இருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நாமக்கல்லில் லாரியின் சேசிஸ் ஒரு கம்பெனியுடையது, அதன்மேல் பாடி கட்டுவது நம்மூர்ப் பட்டறை. ரீட்ரெட் செய்த டயரில் டன் கணக்கில் சுமை ஏற்றி வடநாடு வரை போய்த் திரும்புகிறார்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள் எங்கோ ஒரு காட்டுக்குள் போர் போடும்போது சாமான் உடைந்தால், அளவெடுத்து லேத்தில் கடைந்து மாட்டிக்கொள்கிறார்கள். அளவும் உலோகமும் பொருத்தும் கையும் சரியாக இருந்தால் போதும் என்று நன்றாகத் தெரிந்த ஊர் இது. இருபது கிலோ சைக்கிளிடம் வந்ததும் அந்த அறிவை ஏன் கைவிட வேண்டும்?

‘கம்பெனி’ என்று நாம் சொல்வது எதை? அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கியது. ஹீரோ சைக்கிள்ஸ் 1956இல் லூதியானாவில் தொடங்கியது. அதைத் தொடங்கிய முஞ்சால் சகோதரர்கள் அதற்கு முன்பு சைக்கிள் உதிரிபாகம் விற்றவர்கள். லூதியானாவின் சந்துகளில் ஹப்புக்கு ஓர் ஆலை, பெடலுக்கு ஓர் ஆலை, ஃப்ரீவீலுக்கு ஓர் ஆலை என்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரிய கம்பெனிகளும் அவற்றிடம் பல பாகங்களை வாங்கித்தான் வண்டியைச் சேர்க்கின்றன. உலகம் முழுக்க இதே கதைதான். ஜப்பானின் சக்காய் நகரில் 1921இல் தொடங்கிய ஷிமானோ கம்பெனி செய்து விற்ற முதல் பொருள் ஒரு ஃப்ரீவீல். சைக்கிள் என்பதே பல கைகள் செய்த பாகங்களின் கூட்டு. அதற்கு அளவுதான் முக்கியம்.

அந்த அளவை யாரும் பார்ப்பதில்லை. எனக்கே ஒருமுறை நடந்தது. தங்கை மகளின் லேடீஸ் சைக்கிளுக்கு டயர் வாங்கப் போனேன். “இருபத்தாறு இஞ்சுங்க” என்றேன், கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் ரிம்மில் லொடலொடவென்று ஆடியது. மட்டமான டயர் என்று நானும் திட்டினேன். பிறகுதான் ஓரத்தில் பொறித்திருந்ததைப் படித்தேன். 26 × 1⅜ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். 26 × 1½ என்றால் 584. மலைப்பாதை சைக்கிள் மாதிரி வரும் தடித்த 26 × 1.95 என்றால் 559. மூன்றுக்கும் பெயர் இருபத்தாறு, மூன்றும் ஒன்றுக்கொன்று சேராது. நம்மூர்ப் பெரிய சைக்கிளின் 28 × 1½ டயருக்கு 635. நான் திட்டிய டயரில் எந்தக் குறையும் இல்லை.

செயினும் அப்படித்தான். கியர் இல்லாத வண்டிக்கு 1/8 இஞ்சு அகலச் செயின், கியர் வண்டிக்கு 3/32. மாற்றி மாட்டிவிட்டு ‘லோக்கல் செயின் பல்லில் உட்காரவில்லை’ என்று சொன்னால் செயின் என்ன செய்யும்?

இனி பொருத்துவது. ராசிபுரத்தில் ஒரு பெரியவர், கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். புதுப் பின்னை எடுத்ததும் அடிக்கவில்லை. சாய்வான முகத்தை அரத்தால் ஓர் இழுப்பு இழுத்து, கிராங்கில் நுழைத்து, லேசாகத் தட்டி வெளியே எடுத்தார். எந்த இடத்தில் உரசிய தடம் பளபளக்கிறது என்று வெயிலில் திருப்பிப் பார்த்தார். அந்த இடத்தில் மட்டும் மறுபடி அரம். மூன்று முறை இப்படிச் செய்த பிறகு முகம் முழுக்க ஒரே சீராகத் தடம் விழுந்தது. அதற்குப் பிறகுதான் கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஓங்கி இரண்டு அடி. நட்டைக் கடைசியில் முடுக்கினார். “பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க கண்ணு, மறுபடி முடுக்கணும்” என்றார். அந்தப் பின்னில் எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை.

அதே பின்னை அரமே போடாமல், முட்டுக் கொடுக்காமல், நட்டை முறுக்கியே உள்ளே இழுத்துப் பொருத்தினால் ஒரே வாரத்தில் ‘டக் டக்’ என்று ஆடும், பின்னின் முகம் நசுங்கும். பழி பின்மேல் விழும். இடது பெடலுக்கு இடதுமரை என்பதை மறந்து, வலுக்கட்டாயமாகத் திருகி மரையை அறுத்துவிட்டுக் கிராங்கைக் குறை சொல்பவர்களும் உண்டு. ஹப்பில் தேய்ந்த பழைய குண்டுகளோடு நான்கு புதுக் குண்டுகளைக் கலந்துபோட்டால் சுமையெல்லாம் அந்த நான்கின்மேல் ஏறும். கோனை இறுக்கிவிட்டால் எந்த விலைக் குண்டும் பொடியாகும். டூப்ளிகேட் என்று நாம் பெயர் வைத்ததில் பெரும்பங்கு இந்தக் கைப்பிழைகள்தான்.

மட்டமான சரக்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. அரம் பட்டதும் வெண்ணெய் மாதிரி வழுக்கும் பின், கையால் வளைத்தால் வளையும் போக்ஸ் கம்பி, கல் மாதிரி இறுகிப்போன பிரேக் கட்டை எல்லாம் கடைகளில் தொங்குகின்றன. வாங்குகிறவர் தொட்டுப் பார்த்துக் கேட்க வேண்டும். காசு எங்கே போட வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். பிரேக் கட்டை, டயர், டியூப் இவற்றில் நான் ஒரு ரூபாயும் மிச்சம் பிடிக்கச் சொல்லமாட்டேன். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது, அங்கே நல்ல ரப்பர் உயிர் காக்கும். மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு, கேரியர், பெடல் ஆகியவற்றுக்கு இருப்பதிலேயே மலிவானது போதும்.

இந்த நம்பிக்கையால் அதிகம் அடிபடுவது அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள். ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று 2001-02இல் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தில் வந்தது அது. ‘கவர்மெண்ட் சைக்கிள் தாங்காது’ என்று முடிவுகட்டி, ஃப்ரீவீல் ஒன்று வழுக்கியதும் மூலையில் சாத்திவிடுகிறோம். பிறகு தறி ஓட்டும் அப்பன் கடன் வாங்கி, முன்னால் ஸ்பிரிங், பின்னால் ஏழு பல்சக்கரம் என்று ஒரு வண்டி எடுத்துக் கொடுக்கிறான். பள்ளிபாளையத்திலும் பரமத்தி வேலூரிலும் பள்ளிக்கூடம் போகும் சமவெளிச் சாலையில் அந்த ஸ்பிரிங்கால் என்ன பயன்? எடை கூடியது, பழுதாகும் இடங்கள் கூடின. ஒரு ஃப்ரீவீலும் ஒரு செயினும் ஓவராயிலும் போதுமாக இருந்த இடம் அது.

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் அப்படி ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தால், இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் பிள்ளையின் ஸ்கேலை எடுத்துச் செயினில் வைத்துப் பாருங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து இருபத்துநான்கு கண்ணி எண்ணினால் சரியாக 12 இஞ்சு வர வேண்டும். 1/16 இஞ்சு கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். 1/8 கூடியிருந்தால் ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றுங்கள். டயர் ஓரத்தில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அரம் பிடிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள்.